மண்ணுக்குள் ஐம்பது நாள்

தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புக் கரையைக் கடந்து உள்ளே வந்து முதலில் முட்டும் மலைச்சரிவுகளில் எங்கள் கினிகத்தேனையும் ஒன்று. பக்கத்து வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் அந்தத் தண்ணீரைச் சுமந்து இறங்கி, எங்கள் ஊருக்குக் கீழே ஒன்றாகி, களனி கங்கை என்ற பெயரோடு கடலுக்குப் போகின்றன. வைகாசி பிறந்துவிட்டால் தேயிலை மலையில் காய்ந்த மண்ணைப் பார்ப்பது அரிது. இப்படிப்பட்ட இடத்தில் மண்ணுக்குள் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்க ஒரு விலங்கு துணிகிறது என்றால், அது மண்ணை நம்மைவிட நன்றாகப் படித்திருக்க வேண்டும்.

மழை விட்டு ஓரிரு நாள் வெயில் எறிக்கும்போது பெண் ஓணான் மரத்தைவிட்டு இறங்கும். தேயிலை நிரைகளுக்கு இடையே, அல்லது லயத்துக்குப் பின்னால் வாழைக்கன்று நட்ட இடத்தில், இளகிய மண்ணாகத் தேடிப் பிடிக்கும். முன்கால்களால் பறித்து, குழிக்குள் முட்டைகளை இட்டு, மண்ணை மூடி, தலையால் தட்டித் தட்டி இறுக்கிவிட்டுப் போய்விடும். திரும்பி வராது. முள்ளுக்குத்துக்குப் போகும் தொழிலாளர்கள் மண்ணைக் கிளறும்போது வெள்ளை வெள்ளையாக வெளிப்படுவது பெரும்பாலும் இந்த முட்டைகள்தாம். பாம்பு முட்டையென்று நினைத்து மிதித்துவிடுகிறவர்களும் உண்டு.

அந்த முட்டை கோழி முட்டையைப் போலக் கெட்டியான ஓடுடையதல்ல. தோல் போன்ற உறை. மண்ணிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளுக்கு நாள் பருக்கும். மண்ணின் இடுக்குகளிலுள்ள காற்றை இழுத்து மூச்சு விடும். மண் காய்ந்தால் சுருங்கிச் சாகும், நீர் தேங்கினால் மூச்சுமுட்டிச் சாகும். அடைகாக்கத் தாய் இல்லை, ஊட்டத் தந்தை இல்லை. கிட்டத்தட்ட ஐம்பது நாளைக்கு அந்தக் கருவுக்குத் தாயும் தந்தையும் அந்தப் பிடி மண்தான். ஊர்வனவற்றைக் காப்பது என்பதை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். விலங்கைப் பிடிக்காதே, கொல்லாதே என்று சட்டம் போடுவது அவசியம். ஆனால் அந்த மண் எங்கே இருக்கிறது, எந்த மாதத்தில் முட்டை விழுகிறது, எவ்வளவு சூட்டில் அது கிடக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்து எழுதிவைத்திருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு வேலை உண்டு. இந்த அத்தியாயம் அப்படிப் போய்ப் பார்த்தவர்களைப் பற்றியது.

அவர்களைத் தேடிக் கடலுக்குப் போகுமுன் இன்னும் சற்று மேலே ஏறுவோம். ஹட்டனையும் தலவாக்கலையையும் தாண்டி, ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கலை, பிதுருதலாகலை என்று 2,000 மீட்டர் உயரத்துக்குப் போனால், பாசி படர்ந்த கிளைகளில் விரல் நீளத்துக்குச் சற்று அதிகமான ஓணான் ஒன்று வாழ்கிறது. வாலைக் கிளையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது. அது மண்ணில் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. அங்கே இரவில் உறைபனி விழும், மண்ணின் குளிரில் கரு வளர்வது கடினம். தாயோ வெயில் வரும் பக்கம் பார்த்துக் கிளையில் உட்கார்ந்து தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள முடியும். எனவே முட்டையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, வெயிலைத் தேடிக் கொண்டுபோகிறது. உலகின் குளிர்மலைகள் பலவற்றில் பல்லியினங்கள் தனித்தனியாக இதே தீர்வுக்கு வந்திருக்கின்றன. அதே காட்டில் மூக்கின்மேல் கொம்பு வைத்த இன்னோர் ஓணான் இன்னமும் மண்ணில்தான் முட்டையிடுகிறது என்பது இதைவிட வியப்பு. ஒரே மலையில் இரண்டு வழி, இரண்டுமே நிலைத்திருக்கின்றன.

இந்தச் சிறிய உயிர்களைப் பிடித்து வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கைச் சட்டம் அதை எப்போதோ தடைசெய்திருந்தாலும், விமானம் ஏறி வெளியே போய்விட்டால் எதுவும் செய்ய முடியாத நிலை நீண்டகாலம் இருந்தது. 2019இல் ஜெனீவாவில் கூடிய, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு, நம் மலைகளின் கொம்பு ஓணான்களையும் குட்டியீனும் ஓணானையும், கினிகத்தேனை, கித்துல்கலைப் பக்கத்து ஈரக்காடுகளிலும் வீட்டுத்தோட்டங்களிலும் மண்புழு தின்று வாழும் குமிழ்மூக்கு ஓணானையும் தன் பட்டியல்களில் சேர்த்தது. பல ஆண்டுகள் இலங்கை ஆய்வாளர்கள் இந்த இனங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பெயரிட்டு, எந்த மலையில் எது என்று வரைந்து வைத்திருந்ததால்தான் அது நடந்தது. பெயரில்லாத உயிரைப் பட்டியலில் ஏற்ற முடியாது.

இலங்கையில் அந்தப் பெயர் எழுதும் வேலையை ஒரு வாழ்நாள் வேலையாகச் செய்தவர் பி. இ. பி. தெரணியகல. 1900இல் பிறந்தவர், நீதிபதியும் வரலாற்றறிஞருமான போல் ஈ. பீரிஸின் மகன். கேம்பிரிட்ஜிலும் ஒக்ஸ்போர்டிலும் ஹார்வர்டிலும் படித்துவிட்டு நாடு திரும்பினார். 1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் பணிப்பாளர். பலருக்கு அவர் பலாங்கொடை மனிதன் எனும் கற்கால மனிதனைக் கண்டறிந்த தொல்லியல் ஆய்வாளராகத்தான் தெரியும். ஆனால் அவருடைய முதல் ஈடுபாடு கடற்கரையில் இருந்தது. 1930இல் இலங்கையின் ஆமைகளைப் பற்றி எழுதினார். 1939இல் நாற்கால் ஊர்வனவற்றைப் பற்றிய பெருநூலின் முதற்பகுதியாக ஆமைகளையும் முதலைகளையும் விவரித்தார்.

அவருக்கு முன்னிருந்த பலர் ஆமையை ஓடாகவே பார்த்தார்கள். ஓடு அருங்காட்சியகத்துக்கு வரும், அளப்பார்கள், பெயர் வைப்பார்கள். தெரணியகல முட்டையிலிருந்து தொடங்கினார். கூடு எவ்வளவு ஆழம், எத்தனை முட்டை, கரு வளர வளர எந்த உறுப்பு எப்போது தோன்றுகிறது, பொரித்த குஞ்சின் ஓட்டில் எத்தனை கேடயத் தகடுகள், வயது கூடும்போது அந்த ஓட்டின் உருவம் எப்படி மாறுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்து அளந்தார். கடலாமைகளில் மிகப் பெரியதான ஏழுவரி ஆமை, தோணி ஆமை என்றும் நம் மீனவர்கள் சொல்வது, கரையேறி முட்டையிடும் விதத்தை 1930களிலேயே விரிவாக எழுதிவிட்டார். அரை தொன்னுக்கு மேல் எடை வரக்கூடிய அந்த விலங்கைப் பற்றி அன்று உலகத்துக்குத் தெரிந்திருந்தது மிகக் குறைவு. பெருந்தலை ஆமையையும் பங்குனி ஆமையையும் ஆய்வாளர்களே ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டும் வேறு என்று தகடுகளையும் எலும்புகளையும் வைத்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் அவர். இந்து சமுத்திரத்துப் பங்குனி ஆமைக்கும் மெக்சிக்கோ வளைகுடாவின் சிற்றாமைக்கும் நெருங்கிய உறவு உண்டு என்ற எண்ணத்தைக் கொழும்பில் இருந்துகொண்டு வளர்த்தார்.

அவர் 1976இல் காலமானார். நமுனுகுல மலைப்பக்கத்தில், தேயிலை மண்ணுக்கடியில் மண்புழு தின்று வாழும் நஞ்சில்லாத சிறு பாம்பு ஒன்றுக்கு 1982இல் அவருடைய பெயரைச் சூட்டினார்கள். கடலாமையில் தொடங்கியவரின் பெயர் தோட்டத்து மண்ணுக்குள் வந்து சேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அதே 1982இல், இங்கிருந்து வடமேற்கே அரபிக்கடலில், ஆளில்லாத தீவொன்றில் ஒரு மனிதர் தன்னந்தனியாகப் போய் இறங்கினார். அவர் பெயர் சதீஷ் பாஸ்கர். கடலாமை ஆய்வில் இவரைப் போல இன்னொருவரை நான் அறியேன்.

1946இல் கேரளத்தின் செறாயில் பிறந்தவர். சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்கப் போனார், படிப்பை முடிக்கவில்லை. வகுப்பைவிடக் கடலே அவரை இழுத்தது, நல்ல நீச்சல்காரர். அந்த நாளில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் கிண்டியில் பாம்புப் பண்ணையை நடத்திக்கொண்டிருந்தார். 1970களின் தொடக்கத்திலிருந்து அவரும் நண்பர்களும் சென்னைக்குத் தெற்கே இரவு நேரங்களில் கடற்கரையோரமாக நடந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளை, திருடுபவர்களும் நாய்களும் எடுக்குமுன் எடுத்துப் பாதுகாப்பான வேலிக்குள் புதைத்துவந்தார்கள். அந்த நடையில் சதீஷும் சேர்ந்தார். இந்தியாவின் நெடுங்கரை முழுவதிலும் எந்த ஆமை எங்கே முட்டையிடுகிறது என்று அன்று எவரிடமும் ஒழுங்கான பதிவு இல்லை. யாராவது நடந்து பார்க்க வேண்டியிருந்தது. பாம்புப் பண்ணை அந்த வேலையைச் சதீஷிடம் கொடுத்தது.

நடந்தார். குஜராத், லட்சத்தீவு, அந்தமான், நிகோபார் என்று இருபது ஆண்டுகளில் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் அவர் கால் பதிந்தது. அவருடைய கருவிகள் எளியவை: அளவுநாடா, குறிப்பேடு, விடியற்காலைக் கண். விடிவதற்குள் போனால் இரவு கரையேறிய ஆமையின் தடம் காற்றில் அழியாமல் இருக்கும். பேராமையும் ஏழுவரி ஆமையும் இரண்டு முன்துடுப்புகளையும் ஒருசேர ஊன்றி உடம்பை இழுப்பதால் தடம் இருபுறமும் சமமாக விழும். பங்குனி ஆமையும் அழுங்காமையும் இடம் வலமாக மாற்றி மாற்றி ஊன்றுவதால் தடம் முன்பின்னாக விழும். அகலத்தைப் பார்த்தால் உடம்பின் அளவு தெரியும். மேலே போன தடமும் கீழே வந்த தடமும் ஒரே நீளமாக, நடுவில் மணல் கிளறப்படாமல் இருந்தால், ஆமை வந்து மனம் மாறித் திரும்பியிருக்கிறது. ஏன் திரும்பியது என்பதற்கான காரணம் அங்கேயே இருக்கும்: வேர், கல், வெளிச்சம், மனிதக் காலடி. ஆமையைப் பார்க்காமலே ஓர் இரவின் முழுக்கதையையும் இப்படிப் படித்துவிடலாம்.

லட்சத்தீவில் அவர் முன்பு சுற்றிவந்தபோது ஒன்றைப் புரிந்துகொண்டார். அங்குள்ள சுஹேலித் தீவில் பேராமைகள் முட்டையிடும் உச்சகாலம் தென்மேற்குப் பருவமழைக் காலம். அந்தக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் எந்தப் படகும் சுஹேலிக்குப் போகாது. தேங்காய் பறிக்க வருகிறவர்களும் மழைக்கு முன் திரும்பிவிடுவார்கள். அதாவது ஆமை வரும் நாளில் மனிதன் இருக்க முடியாது, மனிதன் இருக்கும் நாளில் ஆமை வராது. இதைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. மழைக்கு முன்னரே போய் இறங்கி, மழை முடியும்வரை திரும்ப முடியாமல் அங்கேயே கிடப்பது. 1982 மே மாதம் அரிசி பருப்போடு இறங்கினார். அடுத்த படகு செப்டெம்பரில். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். நோய் வந்தாலும் காயம் பட்டாலும் செய்தி சொல்ல வழியில்லை.

இரவு முழுவதும் கரையைச் சுற்றி நடந்து, ஏறிவரும் பேராமைகளுக்கு அடையாளப் பட்டை மாட்டி, அதே ஆமை எத்தனை நாள் கழித்து மறுபடி வருகிறது என்று பார்த்தார். பேராமை ஒரு பருவத்தில் ஒருமுறை முட்டையிட்டுப் போய்விடுவதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கொருமுறை திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் நூறளவில் முட்டைகளைப் புதைக்கும். பிறகு சில ஆண்டுகளுக்கு வரவே வராது. எனவே ஒரே ஓர் இரவில் எண்ணிவிட்டுப் போகிறவர் கையில் கிடைப்பது வெறும் எண். பருவம் முழுவதும் இருந்தவர் மட்டுமே, கூடுகள் இத்தனை, அவற்றை இட்ட தாய்கள் இத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியும். காப்பதற்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது கணக்கு.

ஜூலை 3ஆம் தேதி அவர் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, போத்தலில் அடைத்துக் கடலில் எறிந்தார். 24 நாளில் அது இலங்கையில் ஒரு மீனவரின் கைக்குக் கிடைத்தது. அந்த மீனவர் தம் கைப்பட ஒரு கடிதமும் சேர்த்து அதை அஞ்சலில் அனுப்பிவைக்க, சதீஷின் மனைவிக்குக் கணவர் உயிரோடு இருக்கும் செய்தி இந்த நாட்டு முத்திரையோடு போய்ச் சேர்ந்தது. பருவமழைக் காலத்தில் அரபிக்கடலின் மேல்நீர் இந்தியாவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, குமரிமுனையைச் சுற்றி, இலங்கையை உரசிக்கொண்டு கிழக்கே வங்கக்கடலுக்குள் நுழைகிறது. போத்தல் அந்த நீரோட்டத்தில்தான் வந்திருக்க வேண்டும். சுஹேலிக் கரையில் பொரித்துக் கடலிறங்கும் பேராமைக் குஞ்சும் முதல் நாள்களில் அதே நீரில்தான் மிதக்கிறது. அது 1982 ஜூலை. அடுத்த ஜூலையின் இனக்கலவரத்துக்குப் பின் எங்கள் மக்களுக்குக் கடிதமும் கடற்கரையும் வேறாகிப்போயின. முகம் தெரியாத ஒருவருக்காக ஓர் உறையில் முத்திரை ஒட்டிய அந்த மீனவரை இந்த நூலில் குறிப்பிடாமல் என்னால் கடந்துபோக முடியாது.

சுஹேலிக்குப் பிறகும் அவர் நிற்கவில்லை. 1984-85இல் நியூகினித் தீவின் மேற்குப் பகுதியில், பறவைத்தலை எனப்படும் தீபகற்பத்தின் வடகரையில் ஏழுவரி ஆமைகளை எண்ணினார். 1990களில் அந்தமானின் தெற்கு ரீஃப் என்ற சின்னஞ்சிறு தீவில் அழுங்காமைகளோடு பருவம் பருவமாக வாழ்ந்தார். பல்கலைக்கழகப் பதவியோ பட்டமோ அவருக்கு இல்லை. 2010இல் உலகக் கடலாமை ஆய்வாளர்கள் கோவாவில் கூடியபோது அவரை மேடைக்கு அழைத்துச் சிறப்பித்தார்கள். 2023 மார்ச்சில் மறைந்தார்.

சதீஷ் சுஹேலிக்குப் போன அந்த ஆண்டுகளில்தான், வேறிடங்களில், முட்டையைக் காக்கிறோம் என்று செய்துவந்த வேலையையே புரட்டிப்போட்ட ஓர் உண்மை வெளிவந்துகொண்டிருந்தது. அதன் முதல் அடியை எடுத்துவைத்தது ஆமையல்ல, ஓணானின் உறவுக்காரி. 1966இல் மதலீன் ஷார்னியே என்ற ஆய்வாளர் செனகலின் டக்காரில் ஆபிரிக்க ஓணானின் முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பொரிக்கவிட்டார். 26, 27 பாகையில் வைத்தவை ஏறக்குறைய எல்லாமே பெண், 29 பாகையில் வைத்தவை ஆண். நமக்கெல்லாம் ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும் கணத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்த ஓணானுக்கு அதை முடிவு செய்வது மண்ணின் சூடு. சிறிய சஞ்சிகையொன்றில் பிரெஞ்சில் வந்ததால் அதைக் கவனித்தவர்கள் சிலரே. பிற்பாடு தார்வாட்டில் கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நம் வீட்டுவேலி ஓணானிலும் சூடு கூடக் கூடப் பெண், ஆண், பெண், ஆண் என்று மாறி வருவதாக 2012இல் எழுதினார்கள்.

கடலாமையில் நடப்பது ஆபிரிக்க ஓணானுக்குத் தலைகீழ். கூட்டு மணலின் சூடு 29 பாகையையொட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போகப் போகப் பெண், கீழே இறங்க இறங்க ஆண். 1980இல் டொரொன்டோவின் நிக்கலஸ் ம்ரோசோவ்ஸ்கியும் அவருடைய கூட்டாளி இன்ட்டெமாவும் இதன் பொருளை வெளிப்படையாகச் சொன்னார்கள். உலகெங்கும் ஆமை முட்டைகளை எடுத்து ஸ்டைரோஃபோம் பெட்டிகளில் வைத்துப் பொரிக்கவிட்டுக் குஞ்சுகளைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் சூடு கடற்கரை மணலைவிடக் குறைவு. அப்படியானால் ஆண்டுக்கணக்காக நாம் கடலுக்கு அனுப்பியவை பெரும்பாலும் ஆண்கள். முட்டையிட அவற்றில் எத்தனை திரும்பும்? நல்ல மனதோடு, தூக்கம் விழித்துச் செய்த வேலை அது. மண்ணைப் படிக்காமல் செய்ததால் அதன் பயன் குன்றியது. இன்றைக்கு அச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளில் 99 வீதம் பெண் என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது. மணல் சூடாகிக்கொண்டிருக்கிறது.

இதோடு இன்னும் இரண்டு செய்திகள் சேர வேண்டும். முட்டையிட்டுச் சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் உட்புற மேற்பகுதியில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். கோழிமுட்டைக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது. அடுத்தது, பொரித்த குஞ்சு வயிற்றில் எஞ்சிய மஞ்சள்கருவின் பலத்தில் முதல் ஒரு நாள் முழுவதும் ஓயாமல் நீந்தித்தான் கரையோர மீன்களின் வாயிலிருந்து தப்பி ஆழ்கடலை அடைகிறது. நம் தென்மேற்குக் கரையில் கொஸ்கொட, பெந்தோட்டைப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதற்காகக் குஞ்சுகளைச் சில நாள்கள் தொட்டியில் வைத்திருக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த நீச்சல் வேகமெல்லாம் தொட்டிச் சுவரை முட்டியே தீர்ந்துபோகும். பிறகு கடலில் விட்டால் அது பலமிழந்த குஞ்சு. தெரணியகல குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்தது அறிவதற்காக. அறிந்த பின்னும் தொட்டியில் வைத்திருப்பதற்கு நியாயம் இல்லை.

முட்டையை எடுக்காமல், தாய் இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் இருப்பது மேல் என்ற முடிவுக்கு இப்படித்தான் வந்தார்கள். இலங்கையில் அதைச் செய்துகாட்டிய இடம் தங்காலைக்குக் கிழக்கே ரெக்கவ. துஷான் கப்புருசிங்கவும் அவரோடு இருந்தவர்களும் 1993இல் தொடங்கிய ஆமைப் பாதுகாப்புத் திட்டம், 1996 முதல் அந்தக் கரையில் கூடுகளை இருந்த இடத்திலேயே காக்க முனைந்தது. காவலுக்கு அவர்கள் எடுத்தது வெளியாள்களை அல்ல. அதுவரை ஆமை முட்டையைத் தோண்டி விற்று வயிறு வளர்த்தவர்களையே சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். எந்த இரவில், எந்த மேட்டில், எந்தக் காற்றில் ஆமை ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்ததைப் போல வேறு யாருக்குத் தெரியும்? 1972 முதல் சட்டம் அவர்களைக் குற்றவாளிகளாகத்தான் பார்த்தது. திட்டம் அவர்களுடைய அறிவை அறிவாகப் பார்த்தது. 2006இல் ரெக்கவக் கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேயிலை மலையிலும் இது செல்லும் என்று எண்ணுகிறேன். ஓணான் முட்டையும் மண்பாம்பும் எந்த மலையில் எந்த மாதம் வெளிப்படும் என்று கவ்வாத்துக்கும் முள்ளுக்குத்துக்கும் போகிறவர்களுக்குத் தெரியும். அந்த அறிவைக் கேட்டு வாங்கி எழுதிவைக்கும் ஆய்வாளர் அவர்கள் பிள்ளைகளிலிருந்தே வர வேண்டும்.

சதீஷின் நடையில் ஒரு தீவைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கினிகத்தேனையிலிருந்து நேர் கிழக்கே, கிட்டத்தட்ட இதே அகலக்கோட்டில், 1,500 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் பெரிய நிகோபார் வரும். அதன் தென்பகுதியில் கலாத்தியா விரிகுடா. 1970களின் இறுதியில் அந்தமான் நிகோபார்க் கரைகளைச் சுற்றியபோது ஏழுவரி ஆமைகள் பெருமளவில் முட்டையிடும் இடங்களை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சதீஷ்தான். கலாத்தியா அவற்றில் முதன்மையானது. தெரணியகல இலங்கைக் கரையில் பார்த்து எழுதிய அதே இனம். வட இந்து சமுத்திரத்தில் அதற்கு எஞ்சியிருக்கும் முக்கியக் கரைகள் இலங்கையின் தென்கரையும் இந்தத் தீவுகளுமே. பின்னாளில் சிறிய அந்தமானில் சில ஆமைகளுக்குச் செய்மதிக் கருவி பொருத்தியபோது, சில மேற்கு ஆஸ்திரேலியா நோக்கியும் சில மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கமும் போயின. அவ்வளவு பெரிய கடலை வீடாகக் கொண்ட விலங்குக்கு முட்டையிட வாய்த்தவை சில மணல்திட்டுகள்.

2004 டிசம்பர் 26இன் நிலநடுக்கத்தில் பெரிய நிகோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் கடலுக்குள் தாழ்ந்தது. சுனாமி கலாத்தியாவின் மணலை அள்ளிக்கொண்டு போனது. சில ஆண்டுகளில் அலைகள் மறுபடி மணலைக் கொண்டுவந்து சேர்த்தன, ஆமைகளும் திரும்பி வந்தன. மணல் போனால் அவை காத்திருக்கும், வந்தால் ஏறும். ஆனால் 2021 ஜனவரியில் கலாத்தியா விரிகுடாவுக்கு இருந்த வனவிலங்குச் சரணாலயம் என்ற அறிவிப்பு நீக்கப்பட்டது. அப்போது 72,000 கோடி இந்திய ரூபாய் என மதிப்பிடப்பட்ட திட்டமொன்றின் பகுதியாக அங்கே சரக்குப் பெட்டகத் துறைமுகம் வரவிருக்கிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்துவிட்டது. அந்தத் திட்டத்தை எதிர்ப்பவர்கள் வாதாடும்போது கையில் எடுப்பவை சதீஷ் குறிப்பேட்டில் தொடங்கி, பின்வந்தவர்கள் பருவம் தவறாமல் எண்ணிச் சேர்த்த கூட்டுக் கணக்குகள்தாம். துறைமுகத்துக்கென்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும் விரிகுடாவும், அந்தக் கணக்குகளில் ஏழுவரி ஆமை ஏறும் விரிகுடாவும் ஒன்றே.